மின்ரயில் கடந்து வந்த பாதை

தங்கவயல் வாழ் தமிழ்க் குடும்பங்களில் இருப்புப்பாதையோடு தொடர்பில்லாத குடும்பம் ஒன்றும் இராது. வடஆர்க்காடு, சித்தூர், சேலம், தருமபுரி ஆகிய பகுதிகளிலிருந்து சுரங்க வேலையை நாடி வந்த நம் முன்னோரில் முதலில் வந்தவர்கள் பவுரிங்பேட்டையில் ரயிலைவிட்டு இறங்கி, எஞ்சிய தொலைவை நடந்தும் மாட்டுவண்டியிலும் கடந்தனர். அந்தப் பவுரிங்பேட்டையே இன்றைய பங்காருப்பேட்டை. அங்கிருந்து மாரிகுப்பம் வரை 10 மைல் நீளமுள்ள அகலப்பாதைக் கிளை 1894 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மைசூர் அரசுக்குச் சொந்தமான அப்பாதையில் சென்னை ரயில்வே கம்பெனியார் வண்டிகளை ஓட்டினர். அதன் பின்னர் வந்தவர்கள் சுரங்கத்தின் வாயிலிலேயே வந்து இறங்கினர்.

அடுத்த எட்டாண்டுகளில் மற்றொரு புதுமை இவ்வூருக்கு வந்தது. 1902 ஆம் ஆண்டு ஜூன் திங்களில், காவிரியின் சிவசமுத்திர அருவியில் ஆக்கப்பெற்ற மின்சாரம் 92 மைல் தொலைவு கம்பி வழியே பயணம் செய்து தங்கவயலை அடைந்தது. பாலக்காட்டில் பிறந்த தமிழரும் மைசூர்த் திவானுமாகிய சேஷாத்ரி ஐயர் அவர்களின் ஆட்சியில் தொடங்கப்பெற்ற திட்டம் அது. பொறியியல் வல்லுநர் ஜோலி டி லாட்பினியர் அதனை வகுத்தார். பணி நிறைவேறியதைக் காணும் பேறு திவானுக்கு வாய்க்கவில்லை. 1901 இல் அவர் மறைந்தார். பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905 இல்தான் என்பதை எண்ணும்போது, நம் ஊர் எத்துணை முன்னதாக மின்சாரம் பெற்றது என்பது விளங்கும்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. இருப்புப்பாதையும் மின்சாரமும் 1902 லேயே ஒருசேர அமைந்த ஊரில், மின்சாரத்தால் ஓடும் ரயில் ஏன் அக்காலத்தில் வரவில்லை? அது வேறு எங்கெங்கே, எவ்வெவ்வாறு வந்தது? வந்த இடத்து மக்கள் வாழ்வை அது எவ்விதம் மாற்றியது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் பிள்ளைகளிற் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைத்துவரும் இந்நாளில், இவ்வரலாறு நமக்குப் பொழுதுபோக்கான செய்தியாக மட்டும் இராது என நம்புகிறோம்.

மின்வண்டியின் பிறப்பு

1879 ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் நடைபெற்ற பொருட்காட்சியில், வெர்னர் சீமன்ஸ் என்னும் செர்மானியர் ஒரு சிறு மின்வண்டியை ஓட்டிக் காட்டினார். விளையாட்டுப் பொருள்போல் தோன்றிய அவ்வண்டியே பின்னாளைய மின்ரயில்களுக்கெல்லாம் முன்னோடி. நான்கு ஆண்டுகள் கழிந்து, 1883 இல், இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் மாக்னஸ் வோக் என்பார் ஒரு சிறு மின்பாதை அமைத்தார். 1890 இல் லண்டன் மாநகரில் நிலத்தின் அடியே குடைந்த சுரங்கப்பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. சுரங்கத்துள் புகை சூழ்ந்தால் என்னவாகும் என்பதைத் தங்கவயல் மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நீராவி எஞ்சினின் புகையே, நிலத்தடிப் பாதைகளில் மின்சாரத்தை முதலில் வரவேற்கச் செய்தது.

ஆயினும் தொடக்ககால மின்ரயில்களில் ஒரு குறை இருந்தது. நீராவி எஞ்சினுக்குப் பதிலாக மின்எஞ்சின் ஒன்றை முன்னால் பூட்டினார்களேயன்றி, வண்டியின் அமைப்பு மாறவில்லை. கடைசி நிலையத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுசென்று பூட்ட வேண்டியிருந்தது. இக்குறையைப் போக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் பிராங்க் ஸ்பிரேக். 1897 இல் சிகாகோ நகரின் மேம்பால ரயிலுக்காக அவர் ஒரு புதிய முறையைக் கண்டறிந்தார். எஞ்சின் என்று தனியே ஒன்று வேண்டாம். பயணிகள் அமரும் பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார்களைப் பொருத்திவிடலாம். எத்தனை பெட்டிகளை இணைத்தாலும் அவற்றின் மோட்டார்கள் அனைத்தையும் ஓட்டுநர் ஒருவரே ஒரு கைப்பிடியால் இயக்கலாம் என்பதே அம்முறை.

இதன் பயனை ஒரு சிறு விளக்கத்தால் உணரலாம். தொலைதூர வண்டி ஒரு முறை வேகம் எடுத்துவிட்டால் நெடுந்தூரம் நில்லாமல் ஓடும். புறநகர் வண்டியோ ஒரு மைலுக்கு ஒரு முறை நின்று நின்று செல்ல வேண்டும். நீராவி எஞ்சின் மெல்ல மெல்ல வேகம் கூட்டி முழு வேகம் எட்டுமுன் அடுத்த நிலையம் வந்துவிடும். பல பெட்டிகளில் மோட்டார் உடைய மின்ரயிலில் பல சக்கரங்கள் ஒருங்கே தண்டவாளத்தைப் பற்றி உந்துவதால், வண்டி விரைந்து புறப்படும், விரைந்து நிற்கும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஆகவே கடைசி நிலையத்தில் ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து சென்றாலே போதும். வண்டி திரும்பப் புறப்பட்டுவிடும். தண்ணீர் நிரப்பவும் கரி ஏற்றவும் நேரம் வேண்டாம். அதே பாதையில், அதே நேரத்தில், கூடுதலான வண்டிகளை ஓட்ட முடிந்தது.

இங்கிலாந்து கண்ட இரு வழிகள்

இங்கிலாந்தில் புறநகர் ரயிலை மின்மயமாக்கத் தூண்டியது அறிவியல் ஆர்வம் மட்டுமன்று. வருவாய் இழப்பும் ஆகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத் தெருக்களில் மின்சார டிராம் வண்டிகள் பெருகின. வீட்டு வாயிலிலேயே ஏறி இறங்க வாய்த்த டிராமைவிட்டு, புகையும் தாமதமும் நிறைந்த ரயிலை நாடுவார் யார்? பயணிகள் குறையக் கண்ட ரயில் கம்பெனியார் விழித்துக்கொண்டனர். 1904 ஆம் ஆண்டில் டைன் ஆற்றங்கரைப் பகுதியிலும், லிவர்பூல் நகரிலிருந்து சவுத்போர்ட் வரையிலும் மின்ரயில்கள் ஓடின. லண்டனின் தென்பகுதியில் பிரைட்டன் கம்பெனியார் 1909 இல் தங்கள் புறநகர்ப் பாதையொன்றை மின்மயமாக்கினர்.

மின்சாரத்தை வண்டிக்கு எவ்வாறு அளிப்பது என்பதில் இரு வழிகள் தோன்றின. பிரைட்டன் கம்பெனியார் தலைக்குமேல் கம்பி கட்டி 6,600 வோல்ட் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தினர். அவர்களுக்கு அண்மையில் இருந்த தென்மேற்குக் கம்பெனியாரோ 1915 முதல், தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் இட்டு அதில் 660 வோல்ட் நேர்மின்னோட்டத்தைச் செலுத்தினர். 1923 இல் இவ்விரு கம்பெனிகளும் பிறவும் ஒன்றாகிச் சதர்ன் ரயில்வே என்னும் பெரும் நிறுவனம் தோன்றியபோது, ஒரே நிறுவனத்துள் இரு வேறு முறைகள் நிலவின. பொது மேலாளர் ஹெர்பர்ட் வாக்கர் செலவு குறைந்த மூன்றாம் தண்டவாள முறையைத் தேர்ந்தார். 1929 இல் மேல்கம்பி முறை அங்கே முற்றிலும் கைவிடப்பட்டது.

அந்நாளைய லண்டன் மின்ரயில்களின் பெட்டிகளைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். அவற்றுள் பெரும்பாலானவை புத்தம் புதியவை அல்ல. பழைய நீராவி ரயில்களின் மரப்பெட்டிகளையே மாற்றிக் கட்டி, அடியில் மோட்டார் பொருத்தி மூன்று பெட்டித் தொடர்களாக ஓட்டினர். சிக்கனத்தில் நம்மவர்க்கு அவர்கள் இளைத்தவர் அல்லர்! இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941 முதல், நான்கு பெட்டிகள் கொண்ட புதிய வகைத் தொடர்கள் கட்டப்பெற்றன. சுருக்கமாக '4 சப்' என அழைக்கப்பெற்ற அவ்வகை 1951 வரை கட்டப்பட்டு, 1980 களின் தொடக்கம் வரை லண்டன் அலுவலர்களைச் சுமந்தது. ஒவ்வொரு இருக்கை வரிசைக்கும் பக்கவாட்டில் ஒரு கதவு. பயணிகளே திறந்து, இறங்கியபின் அறைந்து சாத்த வேண்டும். ஒரே நொடியில் எல்லாக் கதவுகளும் திறப்பதால் நூற்றுக்கணக்கானோர் இறங்கிவிடுவர். அதே வேளையில், நிற்குமுன் திறக்கும் கதவால் உயிரிழந்தோரும் உண்டு. இத்தகைய கதவுடைய வண்டிகளின் முறையான சேவை 2005 ஆம் ஆண்டோடு ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

இந்திய மண்ணில்

1920 களில் இங்கிலாந்தில் ஆராய்ந்தோர் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டமே பொருத்தமான அளவு என்று பரிந்துரைத்தனர். தாயகத்தில் அது மெல்லவே பரவியது. இந்தியாவிலோ முதலிலேயே மேற்கொள்ளப்பட்டது. 1925 ஆம் ஆண்டு பிப்ரவரி 3 ஆம் நாள், பம்பாய் விக்டோரியா முனையத்திலிருந்து குர்லாவுக்குத் துறைமுகப் பாதை வழியே இந்தியாவின் முதல் மின்ரயில் புறப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 1928 சனவரியில், பம்பாயின் மேற்குப் பாதையிலும் கொலாபாவிலிருந்து போரிவிலி வரை மின்ரயில் ஓடியது. லண்டனில் கண்ட மூன்றாம் தண்டவாளம் இங்கே வரவில்லை. பாதையின் குறுக்கே மக்களும் கால்நடைகளும் தயங்காமல் நடமாடும் நாட்டில், தரையோரம் மின்சாரம் பாயும் தண்டவாளம் இடுவது எத்துணை ஆபத்தானது என்பது சொல்லாமலே விளங்கும். தலைக்குமேல் கம்பியே நமக்கு ஏற்ற வழி ஆயிற்று.

சென்னையின் முறை அடுத்து வந்தது. மின்ஊர்திக்குச் சென்னை புதியதன்று. 1895 ஆம் ஆண்டு மே திங்களிலேயே அந்நகரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. அந்த டிராம் 1953 வரை நகரத்துக்குள் ஓடிற்று. ஆனால் நகரத்துக்கு வெளியே, சைதாப்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் செல்வோர், தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர்பாதையில் நீராவி வண்டிகளையே நம்பியிருந்தனர். அதே பாதையில்தான் தென்மாவட்டங்களுக்குச் செல்லும் தொலைதூர வண்டிகளும் எழும்பூரிலிருந்து புறப்பட்டன.

கடற்கரை நிலையம் முதல் தாம்பரம் வரை 18 மைல், அதாவது 29 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை மின்மயமாக்கும் பணி 1928 இல் தொடங்கியது. 1931 ஆம் ஆண்டு ஏப்ரல் 2 ஆம் நாள் சென்னை ஆளுநர் சர் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டான்லி அதனைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்களுக்கான சேவை முழுமையாக நடைபெறலாயிற்று. மின்னழுத்தம் பம்பாயைப் போன்றே 1,500 வோல்ட். ஆயினும் ஒரு சிறப்பு உண்டு. பம்பாய்ப் பாதைகள் அகலப்பாதைகள், சென்னையதோ மீட்டர்பாதை. இந்தியாவில் மீட்டர்பாதையில் மின்ரயில் ஓடியது சென்னையில்தான் முதன்முதலாக.

பெட்டிகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. தண்டவாளங்களுக்கு இடையே மூன்றேகால் அடி மட்டுமே உள்ள பாதைக்கு ஏற்ப, அவை ஒடுங்கிய உடலும் தாழ்ந்த தோற்றமும் உடையன. அவ்வொடுங்கிய உடலின் அடியில் மோட்டாரையும் பல்சக்கரங்களையும் அடக்கிப் பொருத்துவது எளிதன்று. மின்தொடர்களோடு மின்எஞ்சின்கள் நான்கும் வந்தன. இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியாரும் ஹாதார்ன் லெஸ்லி கம்பெனியாரும் இணைந்து உருவாக்கிய அவற்றுக்குப் பின்னாளில் 'ஒய்.சி.ஜி. 1' என்னும் வகைப்பெயர் வழங்கிற்று. அவற்றின் தனித்தன்மை வியப்புக்குரியது. மேல்கம்பி இல்லாத சரக்குக் கொட்டடிகளுக்குள் செல்ல நேர்ந்தால், மின்கலங்கள் நிறைந்த வண்டியொன்றை இணைத்துக்கொண்டு அதிலுள்ள மின்சாரத்தாலேயே அவை இயங்கின. மின்கலத்தால் ஓடும் ஊர்திகளைப் பற்றி உலகம் பெரிதாகப் பேசும் இந்நாளில், ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர் சென்னையில் அம்முறை வழங்கியது என்பதை நாம் நினைவிற் கொள்வது தகும். அவ்வகை எஞ்சின் ஒன்று தில்லியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்பட்டு வருகிறது.

பாதை வளர்த்த ஊர்கள்

ஓர் ஊரின் வளர்ச்சியைப் பாதை முடிவு செய்கிறது என்பதற்குச் சென்னைப் புறநகரே நல்ல சான்று. மாம்பலத்தின் பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்னும் குடியிருப்பை 1920 களில் உருவாக்கத் தொடங்கினர். மாம்பலம் நிலையத்தில் மின்ரயில் நின்றதால், கோட்டையிலும் கடற்கரையிலும் உள்ள அலுவலகங்களில் பணிபுரிந்த எழுத்தர்கள் அங்கே குடியேறத் துணிந்தனர். தாம்பரம் 1931 இல் ஒரு சிற்றூர். 1928 இல் டாக்டர் சவுரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனை நிறுவியதற்குக் காரணமே, நகரத்தின் நெரிசலிலிருந்து விலகிய தூய காற்றுதான். 1937 இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. தொலைவிலிருந்த காட்டுப் பகுதிக்கு ஒரு பெருங்கல்லூரி துணிந்து செல்ல முடிந்ததற்கு, மின்ரயில் அருகில் இருந்ததும் ஒரு துணை என்றே கருதுகிறோம்.

இதன் உட்பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். மின்ரயில் வருவதற்கு முன், ஏழை எளிய அலுவலர் தாம் வேலை செய்யும் இடத்துக்கு நடக்கும் தொலைவிலேயே வாழ வேண்டியிருந்தது. அங்கே வாடகை மிகுதி, இடமோ குறைவு. மாதச் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு பத்து மைல் தொலைவில் வாழலாம் என்னும் நிலை வந்தபோது, குறைந்த வாடகையில் காற்றோட்டமான வீடு கிடைத்தது. சிலர் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்தமாக மனையும் வாங்கினர். வேலை ஓரிடத்திலும் வாழ்வு மற்றோரிடத்திலும் அமையலாம் என்னும் உரிமையை எளியவர்க்கு அளித்தது மின்ரயிலே எனலாம்.

நேர்மின்னோட்டத்திலிருந்து மாறுமின்னோட்டத்துக்கு

1944 இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி அரசுடைமை ஆயிற்று. 1951 ஏப்ரல் 14 ஆம் நாள், அது, சென்னை தென்மராட்டா ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே ஆகிய மூன்றும் இணைந்து தெற்கு ரயில்வே உருவாயிற்று. தாம்பரத்தின் மின்ரயிலும் மாரிகுப்பத்தின் நீராவி வண்டியும் அன்று முதல் ஒரே குடையின் கீழ் வந்தன என்பது நமக்குச் சுவையான செய்தி.

இதற்கிடையில் பிரான்சு நாட்டார் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தால் ரயிலை ஓட்டும் முறையைச் செம்மைப்படுத்தியிருந்தனர். 1,500 வோல்ட் முறையில் கம்பிகள் கனமாக இருத்தல் வேண்டும். சில மைல்களுக்கு ஒன்றாகத் துணைமின்நிலையங்கள் வேண்டும். அழுத்தம் உயர உயர, அதே ஆற்றலைக் குறைந்த மின்னோட்டத்தால் கொண்டுசெல்லலாம். மெல்லிய கம்பியும் சில துணைமின்நிலையங்களும் போதும். சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு 1902 இல் மின்சாரத்தை 30,000 வோல்ட் அழுத்தத்தில் அனுப்பியதும் இதே காரணத்தாற்றான். இந்திய ரயில்வே 1957 இல் 25,000 வோல்ட் முறையை ஏற்றுக்கொண்டது. தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை 1960 களில் அம்முறையில் மின்மயமாக்கினர். 1967 சனவரியில் கடற்கரை - தாம்பரம் பகுதியும் அதற்கு மாறியது. முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்த இங்கிலாந்துப் பெட்டிகள் அத்துடன் விடைபெற, பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் நம் தொழிலாளர் கட்டிய தொடர்கள் அவ்விடத்தை நிரப்பின. 1955 இல் தொடங்கப்பெற்ற அத்தொழிற்சாலை, ஒரு பத்தாண்டுக்குள் மின்தொடர்களையும் கட்டத் தேர்ந்தது பெருமைக்குரியதாகும்.

1979 இல் சென்னை சென்டிரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் அகலப்பாதை மின்ரயில்கள் ஓடின. 1995 இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயில் வந்தது. தாம்பரம் பாதையும் படிப்படியாக அகலப்பாதை ஆயிற்று. 2004 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், எழுபத்து மூன்று ஆண்டுக்கால மீட்டர்பாதை மின்ரயில் சேவை நிறைவுற்றது.

தங்கவயலின் நிலை

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். தங்கவயலில் மின்ரயில் ஏன் அந்நாளில் வரவில்லை? சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது பொன்னை வெட்டி மேலே கொணரவும், பாறையை அரைக்கவும், நீரை இறைக்கவும். அதனால் விறகுச் செலவும் நிலக்கரிச் செலவும் குறைந்தன. கம்பெனியாருக்கு அதில் ஆதாயம் இருந்தது. தொழிலாளியோ சுரங்கத்தை ஒட்டிய லைன் வீடுகளில் வைக்கப்பட்டார். அவர் எங்கும் பயணம் செய்து வேலைக்கு வரத் தேவையில்லை. வேறிடத்தில் வாழும் உரிமையும் அவருக்கு இல்லை. பயணிக்கும் கூட்டம் இல்லாத இடத்தில் மின்ரயிலுக்கு இடமேது? ஊரில் மின்சாரம் இருந்தது. ஆயின் அது மனிதருக்காக வரவில்லை, பொன்னுக்காக வந்தது. சென்னையில் எழுத்தருக்கு வாழுமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 1931 இல் கிட்டியது. தங்கவயல் தொழிலாளிக்கு அது கிட்டவில்லை.

காலம் இந்நிலையைத் தலைகீழாக மாற்றியது. 1956 இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962 இல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972 இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. ஆழம் பெருகப் பெருகச் செலவும் பெருகியது. பொன்னின் அளவு குறைந்தது. 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880 முதல் நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன்னை ஈந்த ஊர், வேலையின்றி நின்றது. 1964 முதல் இங்கு இயங்கும் பெமல் தொழிற்சாலை சிலருக்கு வாழ்வளித்தது. எல்லோருக்கும் அளிக்க இயலவில்லை.

அந்நாளில் நம் மக்கள் முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று, மூட்டை கட்டிக்கொண்டு குடும்பத்தோடு பெங்களூர் செல்வது. மற்றொன்று, வீட்டையும் பள்ளியையும் கோயிலையும் மாதா கோயிலையும் சங்கத்தையும் இங்கேயே வைத்துக்கொண்டு, நாள்தோறும் பெங்களூர் சென்று திரும்புவது. பெங்களூரின் வாடகையைக் கொடுக்க வலுவற்ற ஆயிரக்கணக்கானோர் இரண்டாம் வழியை மேற்கொண்டனர். வைகறை இருளில் மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் நிலையங்களில் கூடி நிற்கும் மகளிரையும் ஆடவரையும் இம்மலரின் வாசகர்களுள் அறியாதார் இலர். போக 80 கிலோமீட்டருக்கு மேல், வரவும் அவ்வளவே. கட்டட வேலை, காவல் வேலை, தையற்கூடம், கடை, அலுவலகம் என எங்கெங்கோ உழைத்து இரவில் வீடு திரும்புகின்றனர். தாய் எழுந்து சோறு கட்டிப் புறப்படும்போது குழந்தை உறங்குகிறது. அவள் திரும்பும்போதும் உறங்குகிறது. வண்டி ஒரு நாள் தாமதமானால் அரைநாட் கூலி போகும். இருந்தும் மாதச் சீட்டின் குறைந்த கட்டணமே அவர்களை இவ்வூரில் நிலைநிறுத்தி வருகிறது.

2003 முதல் தென்மேற்கு ரயில்வேயின்கீழ் உள்ள இப்பாதைக்குப் பின்னர் மின்கம்பியும் வந்தது; மெமு எனப்படும் மின்தொடர்களும் வந்தன. புறநகர் மின்ரயிலின் அமைப்பையே நெடுந்தொலைவுக்கு ஏற்றவாறு மாற்றி, 1990 களில் இந்தியாவில் அறிமுகப்படுத்திய வகை அது. சிகாகோவில் ஸ்பிரேக் கண்ட முறை, லண்டன், பம்பாய், தாம்பரம் எனச் சுற்றி, இறுதியில் மாரிகுப்பம் வந்து சேர்ந்தது. தனி எஞ்சினை மாற்றிப் பூட்டும் வேலையின்றி, வந்த வண்டியே அங்கிருந்து திரும்புகிறது.

தாம்பரத்துக்கும் தங்கவயலுக்கும் உள்ள வேறுபாட்டையும் நாம் மறத்தல் கூடாது. தாம்பரத்தில் மின்ரயில் ஒரு புதிய ஊரை வளர்த்தது. தங்கவயலில் அது ஒரு பழைய ஊர் சிதறாமல் காத்து வருகிறது. வளர்க்கும் பாதைக்குக் கிட்டும் கவனம், காக்கும் பாதைக்குக் கிட்டுவது அரிது. புதிய மனைகளும் புதிய ஆலைகளும் உள்ள இடத்தில் கூடுதல் வண்டி கேட்பது எளிது. மூடிய சுரங்கத்தின் வாயிலில் நின்று கேட்பது கடினம். மாரிகுப்பத்தோடு முடிவுறும் பாதையைக் குப்பம் வரை நீட்டிப்பதற்கான திட்டம் மேற்கொள்ளப்பட்டுள்ளது. அது நிறைவேறுமாயின், நூற்றாண்டுக்கு மேலாக முட்டி நின்ற பாதை ஊடுருவிச் செல்லும் பாதையாக மாறும். சென்னை செல்லும் வழியும் சுருங்கும்.

நிறைவாக, நம் இளைஞர்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். சுரங்கத்தில் உழைத்த நம் பாட்டன்மாரின் வரலாற்றைத் தொகுப்பதில் நம் சங்கங்கள் ஆர்வம் காட்டி வருகின்றன, அது போற்றத்தக்கதே. அதனோடு, சுரங்கம் மூடிய பின்னர் நாள்தோறும் ரயிலேறி இவ்வூரைக் கைவிடாமல் காத்தவர்களின் வரலாறும் எழுதப்பெற வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். எந்த ஆண்டில் பயணம் தொடங்கினார்கள், எந்த வண்டியில் சென்றார்கள், மாதச் சீட்டுக்கு என்ன கொடுத்தார்கள், வண்டியில் உடன் அமர்ந்து வந்தவர்கள் யார் யார் என்பதையெல்லாம் அவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்து வைத்தால், அடுத்து வரும் மலர்களுக்கு அதனினும் சிறந்த பொருள் வேறில்லை.